பத்து நாள் மௌன தியான முகாம் எல்லோருக்கும் ஏற்றதா?

நீலவானம்:
தினமும் சுமார் பத்து மணி நேரம் தியானம், விடிகாலை 4 மணிக்கு எழுந்திருக்க வேண்டும், பேச்சு கிடையாது, போன் கிடையாது. தியானமே செய்து பழகாதவரையும் நேராக இதில் சேர்த்துக்கொள்கிறார்கள். இது ஆபத்து. சிலருக்குத் தூக்கம் அறவே போய்விடுகிறது. தன் உடலே தன்னுடையது இல்லை என்ற உணர்வு வந்து, வீடு திரும்பிய பிறகும் விடுவதில்லை. அரிதாக, இல்லாத குரல்கள் கேட்கும் நிலைவரை போகிறது.

மூங்கில்காடு:
எத்தனையோ பேர் போய்விட்டு நல்லபடியாகத்தான் திரும்புகிறார்கள். ஏற்கெனவே மனநோய் இருந்தவருக்குத்தான் சிக்கல். விண்ணப்பத்திலேயே அதைக் கேட்கிறார்கள். மறைத்தால் முகாம் என்ன செய்யும்?

நீலவானம்:
அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்களான ஜாரெட் லிண்டால், வில்லோபி பிரிட்டன் ஆகியோரின் குழு 2017-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். தியானத்தால் சிரமப்பட்டவர்களில் பலருக்கு முன்பு மனநோயே இருந்ததில்லை. தியான ஆசிரியர்களும் அதில் உண்டு. 2020-ல் 83 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது தியானம் செய்தவர்களில் சுமார் 8 சதவீதம் பேருக்குப் பாதிப்பு.

மூங்கில்காடு:
உளவியல் சிகிச்சையிலும் ஏறத்தாழ அதே அளவுதான் என்று அந்த 2020 கட்டுரையே சொல்கிறதே! அதை ஏன் விட்டுவிட்டீர்கள்? அதோடு, தியானத்தில் பயம் எழும் கட்டத்தை விசுத்திமக்கம் என்ற பழைய பௌத்த நூல் அன்றே விவரித்திருக்கிறது. ஜென் பௌத்த மரபும் மாயக் காட்சிகளைப் பற்றி எச்சரிக்கிறது.

நீலவானம்:
சரி, அந்த ஒப்பீடு உண்மைதான். ஆனால் சிகிச்சையில் வாராவாரம் ஒருவர் உங்களைக் கவனிக்கிறார். மரபிலும் சீடனை அறிந்த குரு பக்கத்தில் இருந்தார். இங்கே கலங்கிப்போய் நிற்பவரிடம் "அழுக்கு வெளியேறுகிறது, தொடருங்கள்" என்கிறார்கள். எனக்குக் கோபம் வருவது அங்கேதான்.

மழைத்துளி:
மனநலப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். இருமுனைக் கோளாறு (பைபோலார்) உள்ளவருக்குத் தூக்கம் குறைந்தாலே மனஎழுச்சி நிலை, அதாவது கட்டுக்கடங்காத உற்சாகமும் படபடப்பும், தொடங்கலாம். "மனம் தெளிந்துவிட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிட்டால் இன்னும் மோசம். தயவுசெய்து அப்படி நிறுத்தாதீர்கள்.

மூங்கில்காடு:
மாத்திரை விஷயத்தில் மறுப்பே இல்லை. ஆனால் முதல் சில நாள் சிரமம் எல்லோருக்கும் உண்டு. அதைத் தாண்டாமல் பலன் எப்படி வரும்?

நீலவானம்:
கால்வலியும் சலிப்பும் வேறு. இரண்டு இரவு தூங்காமல், சாப்பிடாமல், முன்பின் தொடர்பில்லாமல் பேசுகிறவர் வேறு. அவருக்குத் தியானத்தை அப்போதே நிறுத்தி, வீட்டாரை அழைத்து, மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டும். இந்த வித்தியாசம் தெரிந்த ஒருவர் இரவிலும் முகாமில் இருப்பாரா? பதிவு செய்வதற்கு முன் இதைக் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் போகாதீர்கள்.