லார்விசைடு: கொசுப்புழுக்கொல்லியா, குடம்பிக்கொல்லியா?

அன்பர்களுக்கு வணக்கம்.

பூச்சிகளை லார்வா, அதாவது முட்டையிலிருந்து வெளிவரும் புழு, பருவத்திலேயே கொல்லும் மருந்தான லார்விசைடு (larvicide) என்பதற்குத் தமிழில் ‘புழுக்கொல்லி’ என்றே வைத்துக்கொள்ளலாம் என்ற பரிந்துரையை என்னால் ஏற்க இயலவில்லை. பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி என்ற வரிசையில் அச்சொல் இயல்பாகவே பொருந்துகிறது. ஆயினும் மருந்துக் கடையில் கேட்டால் குடற்புழு மாத்திரையை எடுத்துத் தருவார்கள், உழவரிடம் சொன்னால் காய்ப்புழுவுக்கு அடிக்கும் மருந்து என்று கொள்வார். தண்ணீர்த் தொட்டியில் இடும் மருந்தின் பெயரில் இத்தகைய மயக்கம் இருக்கக் கூடாது.

தமிழ்நாட்டில் வீடு வீடாக வரும் களப்பணியாளர்கள் ‘கொசுப்புழு’ என்றே சொல்கிறார்கள். தொட்டிக்குள் டார்ச் அடித்தால், வால்புற மூச்சுக்குழலை நீர்மட்டத்தில் ஒட்டித் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்து, வெளிச்சம் பட்டதும் நெளிந்து அடியில் இறங்கும் ஏடிஸ் புழுவை மக்கள் அந்தப் பெயராலேயே அறிவார்கள். ஆகவே பொதுமக்களுக்கான எழுத்தில் ‘கொசுப்புழுக்கொல்லி’ போதும். ஆனால் இலங்கையில் கொசு நுளம்பாகவும் லார்வா குடம்பியாகவும் வழங்குகின்றன. மேலும், லார்விசைடு கொசுவுக்கு மட்டும் உரியதன்று. மேற்கு ஆப்பிரிக்காவில் ஆற்றுக் குருட்டு நோயைப் பரப்பும் கருப்பு ஈக்களின் லார்வாக்களை ஒழிக்க 1970களில் தொடங்கி ஆறுகளிலேயே டெமிபாஸ் என்ற லார்விசைடைத் தெளித்தார்கள். எனவே துறையின் பொதுச்சொல்லாகக் ‘குடம்பிக்கொல்லி’யை முன்மொழிகிறேன்.

அடுத்து, செடிகொடிகளிலிருந்து எடுக்கும் குடம்பிக்கொல்லிகளுக்கான அடைமொழி. ‘மூலிகைக் குடம்பிக்கொல்லி’ என்பதை நான் உறுதியாக எதிர்க்கிறேன். மூலிகை என்றாலே உடம்புக்கு நல்லது, உள்ளுக்குச் சாப்பிட்டாலும் கெடுதல் இல்லை என்ற எண்ணம் நம்மிடம் ஊறியிருக்கிறது. சீத்தாப்பழ விதையைப் பாருங்கள்: அதிலுள்ள அசிட்டோஜெனின்கள் உயிரணுவின் ஆற்றல் உற்பத்தியை முடக்கிக் கொசுப்புழுவைக் கொல்கின்றன, பேனுக்காகத் தலையில் தேய்க்கும் அதே விதைப்பொடி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிவிடும். நொச்சி, வேம்பு, புங்கம் எதுவானாலும் ‘தாவர’ என்ற நடுநிலையான அடையே பொறுப்பானது. ‘தாவரக் குடம்பிக்கொல்லி’ என்பதில் மிகைவாக்குறுதி எதுவும் இல்லை.

‘விரட்டி’ என்று முடிப்பதும் பொருந்தாது. பூச்சிவிரட்டி இயற்கை வேளாண்மையில் வேரூன்றிய சொல் என்றாலும், தொட்டி நீரில் கிடக்கும் புழுவுக்கு ஓடிப்போக இடமில்லை.

இவற்றினும் பெயரிடக் கடினமானது வேம்பிலுள்ள அசாடிராக்டின் என்ற வேதிப்பொருள். அது தோலுரிப்பைத் தூண்டும் எக்டைசோன் என்ற ஹார்மோனின் சுரப்பைக் குலைப்பதால், புழு உடனே சாகாமல் அடுத்த பருவத்துக்குப் போக முடியாமல் நாட்கணக்கில் தேங்கி மடிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வக முறையில், புழுவின் நான்கு வளர்பருவங்களுள் மூன்றாம் பருவ இறுதியிலோ நான்காம் பருவத் தொடக்கத்திலோ உள்ள 25 புழுக்களை ஒரு கிண்ணத்தில் விட்டு, 24 மணி நேரத்துக்குப் பின் இறந்தவற்றை எண்ணுவார்கள். வளர்ச்சியைக் குலைக்கும் பொருள்களுக்கு மட்டும் எத்தனை புழுக்கள் முதிர்கொசுவாக வெளிவரவில்லை என்று இறுதிவரை காத்திருந்து கணக்கிடுவார்கள். அளவிடும் முறையே வேறுபடுவதால், இவ்வகைக்குக் குடம்பிக்கொல்லி என்ற குடையின்கீழ் ‘வளர்ச்சிக் குலைப்பி’ என்ற தனிச்சொல் வேண்டும். growth regulator என்பதன் ‘வளர்ச்சி ஒழுங்குபடுத்தி’ என்ற நேர்பெயர்ப்பு, நடப்பதற்கு நேர்மாறான பொருளைத் தருகிறது.

அந்த இரண்டாம் அளவீட்டுக்கு ‘முதிர்கொசு வெளிவரல் தடை’ என்று எழுதிவருகிறேன். நீளமாக இருக்கிறது, பூச்சியியல் கற்பிக்கும் அன்பர்கள் இதனினும் சுருக்கமான சொல்லை வகுப்பில் வழங்கிவந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன்.