இசையும் ஆசிரியப் பயிற்சியும் சேர்ந்த பட்டம்: சேலத்திலிருந்து சிட்னிக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அம்மாபேட்டையிலிருந்து பி.ஆர். எனப்படும் நிரந்தர வசிப்பு விசாவில் குடும்பத்தோடு சிட்னிக்கு வந்து நான்கு மாதங்களே ஆன ஐயா ஒருவர், பிளஸ் டூ முடித்த தம் மகளைப் பற்றி இங்கே கேட்டிருக்கிறார். பத்து வருடங்களாக வாய்ப்பாட்டு கற்ற பெண், இசையைத் தவிர வேறெதுவும் படிக்க மாட்டேன் என்கிறாள். அப்பாவுக்கோ படித்து முடித்ததும் கையில் ஒரு வேலை இருக்க வேண்டும் என்ற கவலை. கலை, இசை, ஆசிரியப் பயிற்சி ஆகியவற்றைச் சேர்த்து ஒரே பட்டமாகப் படிக்கலாம் என்று யாரோ சொல்ல, இருவருக்கும் அது ஒரு சமரசமாகத் தோன்றியிருக்கிறது. நான் அப்படியொரு பட்டத்தைச் சிட்னியில் படித்துவிட்டு, ஒன்பது வருடங்களாக அங்கே ஓர் உயர்நிலைப் பள்ளியில் இசை கற்பித்து வருகிறேன். அங்கே இப்போது கோடை விடுமுறை என்பதால் ஏற்காட்டில், நாகலூர் வீட்டில் இருக்கிறேன். டிசம்பர் மாதத்து மூடுபனியில் மாலை ஐந்து மணிக்கு மேல் செய்வதற்கு வேறு வேலை இல்லை. எனவே பதில் சற்று நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சமரசம் என்று நினைத்துச் சேர வேண்டாம் என்பதுதான் நான் முதலில் சொல்ல விரும்புவது. இது பாடகியாவதற்கான படிப்பில் ஓர் ஆசிரியச் சான்றிதழை ஒட்டவைத்தது அல்ல. அடிப்படையில் ஆசிரியப் படிப்பு, அதில் இசை பாடமாக இருக்கிறது. இது எனக்குப் புரிந்தது இரண்டாம் ஆண்டில், முதல் பள்ளிப் பயிற்சியின்போது. பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் இருபத்தெட்டுப் பேர் கொண்ட வகுப்பில், மோகன ராகத்தை அறிமுகம் செய்கிறேன் என்று நான் ஆலாபனை, கீர்த்தனை, சுரம் என்று உற்சாகமாகப் பாடி முடித்தேன். பிள்ளைகள் கைதட்டினார்கள். பின்வரிசையில் அமர்ந்திருந்த மேற்பார்வை ஆசிரியை என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: இந்த நாற்பது நிமிடத்தில் பிள்ளைகள் எத்தனை நிமிடம் பாடினார்கள்? நான்கு நிமிடம்கூட இருக்காது. செவ்வாய்ப்பேட்டையில் என் குருவின் முன் அமர்ந்து, அவர் ஒருமுறை பாட நாங்கள் இருமுறை திருப்பிப் பாடிய காலத்தில் எனக்கே தெரிந்திருந்த ஒன்றை, மேடை ஆசையில் மறந்திருந்தேன்.

மறுவாரம் ஆதி தாளத்தோடு போனேன். ஒரு தட்டு, மூன்று விரல் எண்ணிக்கை, பிறகு தட்டு வீச்சு, தட்டு வீச்சு என்று நான்கும் இரண்டும் இரண்டுமாக எட்டு அட்சரங்கள். விரல்களை எண்ணுவது அந்தப் பிள்ளைகளுக்கு விளையாட்டாக இருந்தது. அடுத்து ‘தக தகிட’ என்று ஐந்தையும், ‘தகிட தகதிமி’ என்று ஏழையும் நடந்துகொண்டே சொல்ல வைத்தேன். மேற்கத்திய முறையில் ஐந்து, ஏழு எண்ணிக்கைகள் பெரிய மாணவர்களுக்கே சிக்கலானவை என்று கருதப்படுகின்றன. இந்தப் பிள்ளைகளோ மணி அடித்த பிறகும் தாழ்வாரத்தில் சொல்லிக்கொண்டே போனார்கள். சுவிட்சர்லாந்தின் டால்குரோஸ் உடலசைவின் வழியாகவும், ஹங்கேரியின் கோடாய் பாடுவதன் வழியாகவும், ஜெர்மனியின் கார்ல் ஓர்ஃப் தாள வாத்தியங்களின் வழியாகவும் சிறுவர்களுக்கு இசையைக் கொண்டுசென்ற முறைகளைக் கல்வியியல் பாடங்களில் படிப்பீர்கள். அவற்றைப் படிக்கும்போது இப்படித் தாளத்தைச் சொல்லிப் பழகும் சொல்கட்டு கற்ற எவருக்கும், ‘இது நம் வீட்டுத் திண்ணையில் நடந்ததுதானே’ என்று தோன்றாமல் இருக்காது.

இனிப் படிப்பின் அமைப்பு. சிட்னி பல்கலைக்கழகத்தின் இசைக் கல்லூரியான கன்சர்வேட்டோரியத்தில் இசைக் கல்விக்கென்றே நான்காண்டு இளங்கலைப் பட்டம் இருக்கிறது. இளங்கலை ஆசிரியப் பட்டம் எதுவானாலும் குறைந்தது 80 நாட்கள் பள்ளியில் மேற்பார்வையின் கீழ்க் கற்பித்திருக்க வேண்டும். அதோடு லான்டைட் எனப்படும் மொழி, கணிதத் தேர்வையும் பட்டம் பெறுவதற்குள் தேற வேண்டும். நம் பிள்ளைகளுக்குக் கணிதம் பிரச்சினையாக இருக்காது, ஆங்கிலப் பகுதியை அலட்சியம் செய்யாதீர்கள். பள்ளிக்குள் கால் வைப்பதற்கு முன்பே, சிறுவர்களோடு பணியாற்றுவதற்கான பின்னணிச் சரிபார்ப்பும் முடிந்திருக்க வேண்டும். முதலில் கலை அல்லது இசைப் பட்டத்தை மட்டும் படித்துவிட்டு, பிறகு கற்பித்தலில் முதுகலை செய்யும் வழியும் உண்டு. அது பொதுவாக இரண்டாண்டு. வகுப்பறை தனக்குப் பிடிக்குமா என்று மகளுக்கு இன்னும் தெரியாவிட்டால் அந்த வழியே நல்லது.

கர்நாடக சங்கீதம் கற்றவருக்கு இந்தப் படிப்பில் எது கைகொடுக்கும், எது காலை வாரும் என்பதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். காது கைகொடுக்கும். செவிப் பயிற்சி வகுப்பில் இரண்டு சுரங்களுக்கு இடையே உள்ள தூரத்தைச் சொல்லச் சொல்வார்கள். மற்றவர்கள் யோசிப்பதற்குள் அது சட்ஜ பஞ்சமமா, சட்ஜ மத்திமமா என்று நமக்குத் தெரிந்துவிடும். அவர்களின் மேஜர் ஸ்கேல் நம் சங்கராபரணத்தின் சுரங்கள். ஹார்மோனிக் மைனர் நம் கீரவாணி. மோடுகள் (பழைய சுர வரிசைகள்) என்று அவர்கள் தனி அத்தியாயமாகப் படிப்பவற்றில் டோரியன் கரகரப்பிரியா, லிடியன் கல்யாணி, ஃபிரிஜியன் தோடி, மிக்ஸோலிடியன் அரிகாம்போதி. எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களை, அதாவது தாய் ராகங்களை, மனப்பாடம் செய்தவருக்கு இந்த அத்தியாயம் ஒரு மாலை வேலைதான். ஆனால் சுரங்கள் ஒன்று என்பதால் ராகமும் ஒன்று என்று எழுதிவிடாதீர்கள். சுரத்தை அசைத்துப் பாடும் கமகம் இல்லாத தோடி தோடி ஆகாது என்பதை அந்தக் கட்டுரையிலேயே விளக்கினால் மதிப்பெண்ணும் கூடும்.

காலை வாருவது ஹார்மனி, அதாவது பல சுரங்கள் ஒன்றாக ஒலிக்கும் இசை. நம் செவி தம்பூராவின் மேல் ஓடும் ஒற்றைக் கோட்டைக் கேட்கப் பழகியது. ஒரே நேரத்தில் ஒலிக்கும் நான்கு குரல்களில் மூன்றாவது குரல் எங்கே போகிறது என்று கேட்டால் விழிப்போம். அதைவிடத் திகைப்பூட்டியது, பாட்டின் நடுவில் ஆதார சுருதியே இடம் மாறுவது. நம்மிடம் கிரக பேதம் என்று அபூர்வமாகச் செய்து காட்டும் வித்தைக்கு அருகில் வரக்கூடிய ஒன்றை, அவர்கள் சாதாரணப் பாட்டில் இரண்டு நிமிடத்துக்கொரு முறை செய்கிறார்கள். முதல் பருவத்தில் நான் மனத்துக்குள் பழைய சட்ஜத்தைப் பிடித்துக்கொண்டே இருந்து, எழுதியதெல்லாம் தவறாகப் போனது. சேர்ந்திசையில் என் குரலிலிருந்த அசைவை எடுத்துவிட்டு நேர்க்கோடாகப் பாடக் கற்கவும் ஓராண்டு ஆயிற்று.

எனவே விண்ணப்பிப்பதற்கு முன் இருக்கும் மாதங்களில் மகள் செய்ய வேண்டியது ஐந்து கோட்டு நொட்டேஷன் எனப்படும் மேற்கத்திய இசைக்குறிப்பை வாசிக்கப் பழகுவது. ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி, ஆஸ்திரேலியாவின் ஏஎம்இபி ஆகிய எந்தத் தேர்வு அமைப்பின் பாடத்திட்டமானாலும் ஐந்தாம் கிரேடு தியரி அளவுக்கு வந்துவிட்டால் முதலாண்டைச் சமாளித்துவிடலாம். கூடவே கீபோர்டில் ஒரு பாட்டுக்கு எளிய கார்டு (சேர்ந்தொலிக்கும் சுரங்கள்) பிடிக்குமளவு பயிற்சி வேண்டும். வகுப்பறையில் அதுதான் நம் சுருதிப்பெட்டி. குரல் தேர்வில் கர்நாடக உருப்படிகளைப் பாடலாமா என்பதை அந்தந்தப் பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள். தொலைபேசியில் ஒருவர் சொன்னதை நம்பி நான் மூன்று கர்நாடக வர்ணங்களோடு போய் நின்ற கதை வேண்டாம்.

ஐயா கேட்காவிட்டாலும் பணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பி.ஆர். இருப்பதால் மகள் உள்நாட்டு மாணவி; அரசு மானியம் பெற்ற இடம் கிடைக்கும். ஆனால் கட்டணத்தைப் பிறகு சம்பளத்திலிருந்து அடைக்கும் ஹெக்ஸ்-ஹெல்ப் கடன், மனிதாபிமான விசா போன்ற சில விதிவிலக்குகள் நீங்கலாக, குடியுரிமை பெற்றவர்களுக்கே உரியது. ஆகவே ஒவ்வொரு பருவத்துக்கும் மாணவர் பங்கைக் கையிலிருந்து கட்ட வேண்டும். வந்த பிறகு இதை அறிந்து திகைத்த சேலத்துக் குடும்பங்கள் இரண்டை எனக்கே தெரியும். குடியுரிமைக்கு நான்காண்டு வசிப்பு தேவை என்பதால், அது வருவதற்குள் பட்டமே முடிந்துவிடலாம்.

அந்தப் பங்கு பட்டத்தை வைத்துக் கணக்கிடப்படுவதில்லை, பாடத்தை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். 2021-இல் இப்போதைய முறை வந்தபோது, ஒரு முழு ஆண்டுக்குக் கல்வியியல், ஆங்கிலம், மொழிப் பாடங்களுக்கு 3,950 டாலர், இசை உள்ளிட்ட படைப்புக் கலைகளுக்கு 7,950 டாலர், வரலாறு போன்ற பாடங்களுக்கு 14,500 டாலர் என்று இருந்தது. பிறகு ஆண்டுதோறும் விலைவாசிக்கேற்ப ஏறி வருகிறது. கலைப் பட்டத்தோடு சேர்த்துப் படிப்பவர்கள் கற்பிப்பதற்கு இரண்டாவது பாடம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் இடம் வரும். வரலாற்றுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மகள் ஊசலாடினால், இந்த வேறுபாட்டையும் அவளிடம் சொல்லுங்கள். வேலை என்று பார்த்தாலும் நான் ஆங்கிலத்தையே சொல்வேன். நியூ சவுத் வேல்ஸ் பள்ளிகளில் இசை 100 மணி நேரம் கட்டாயப் பாடம். பெரும்பாலும் ஏழு, எட்டாம் வகுப்புகளில் முடிந்துவிடும். மேல் வகுப்புகளில் அது விருப்பப் பாடம், எனவே சிறிய பள்ளிகளில் இசை ஆசிரியருக்கு வாரம் முழுவதும் வகுப்புகள் நிரம்பாது. எனக்கும் இரண்டு ஆண்டுகள் ஆங்கில வகுப்புகளே கஞ்சி ஊற்றின.

அங்கே எச்.எஸ்.சி. எனப்படும் பள்ளியிறுதித் தேர்வில் மியூசிக் 1, மியூசிக் 2 என்று இரு பிரிவுகள் இருக்கின்றன. இரண்டாவது மேற்கத்தியச் செவ்வியல் இசையையும் நொட்டேஷனையும் முன்னிட்டது. முதலாவது எந்தப் பாணி இசைக்கும் இடம் தருவது. நம் பின்னணியிலிருந்து வரும் ஆசிரியர் முதலாவதில் எளிதாக ஊன்றிக்கொள்ளலாம். இரண்டாவதையும் எடுக்கத் தெரிந்தவரையே பள்ளிகள் தேடுகின்றன என்பதால் ஹார்மனியிலிருந்து தப்ப வழியில்லை.

வேறு நாடுகளுக்குப் போயிருப்பவர்களுக்கு ஓரிரு வரிகள். கனடாவின் ஒன்டாரியோவில் 2015 முதல் ஆசிரியப் பயிற்சி நான்கு பருவங்கள். ஏழு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை கற்பிக்க இரண்டு பாடங்கள் தேவை. இங்கிலாந்தில் பலரும் இசைப் பட்டம் முடித்து, பிஜிசிஇ எனப்படும் ஓராண்டு ஆசிரியப் பயிற்சியைப் படித்துப் பள்ளிக்குள் நுழைகிறார்கள்.

இதே இழையில் சூரமங்கலத்துச் சகோதரி ஒருவர் கேட்டிருப்பது: “அக்கா, நான் சேலம் அரசு இசைப்பள்ளியில் மூன்றாண்டு வயலின் படித்தேன். பிறகு ஆங்கிலத்தில் பி.ஏ., பி.எட். முடித்தேன். கணவரோடு வரும் ஜூன் மாதம் மெல்போர்ன் போகிறேன். நான் மறுபடியும் நான்காண்டு படிக்க வேண்டுமா?”

வேண்டியதில்லை, தங்கையே. வெளிநாட்டில் பெற்ற ஆசிரியர் தகுதியை மதிப்பிடும் ஏஐடிஎஸ்எல் அமைப்பு, மொத்தம் நான்காண்டு உயர்கல்வியையும், அதில் ஓராண்டேனும் ஆசிரியப் பயிற்சியையும், குறைந்தது 45 நாள் மேற்பார்வையிடப்பட்ட கற்பித்தலையும் எதிர்பார்க்கிறது. உங்கள் பி.எட். இரண்டாண்டுப் படிப்பு என்றால் பயிற்சி நாட்கள் தாராளமாக இருக்கும். பழைய ஓராண்டு பி.எட். என்றால் எண்ணிப் பார்க்க வேண்டும். ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் வாசிப்பிலும் எழுத்திலும் 7, கேட்பதிலும் பேசுவதிலும் 8 வேண்டும். பேசும் பகுதிக்கு இப்போதே தயாராகுங்கள். ஆங்கில ஆசிரியராக உள்ளே போய்விட்டு, இசைக்கான கூடுதல் பாடங்களை அங்கே பகுதிநேரமாகச் சேர்த்துக்கொள்வதே உங்களுக்குச் சரியான வரிசை என்று நினைக்கிறேன். புறப்படுவதற்கு முன் உங்கள் பி.எட். கல்லூரிக்குப் போய், எந்தப் பள்ளியில், எந்த வகுப்புகளுக்கு, எத்தனை நாள் மேற்பார்வையின் கீழ்க் கற்பித்தீர்கள் என்பதைக் கல்லூரியின் பெயர் அச்சிட்ட தாளில் முதல்வர் கையொப்பத்தோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஏப்ரலுக்கு முன் போய்விடுங்கள்; கோடை விடுமுறையில் அலுவலகத்தில் ஆள் இருக்க மாட்டார்கள்.