உதவி: படிக்கோட்டை ஒட்டியிருக்கும் அலுமினியம் ஏன் உலோகப்போலி இல்லை?

மகளோடு படிக்கும் அப்பா:
வணக்கம். மகள் ஒன்பதாம் வகுப்பு. தனிம வரிசை அட்டவணையை சார்ட்டில் வரைந்து, உலோகத்துக்கு மஞ்சள், அலோகத்துக்கு நீலம், இரண்டுக்கும் இடைப்பட்ட உலோகப்போலிக்குப் பச்சை என்று வண்ணம் அடித்தாள். போரானிலிருந்து படிக்கட்டு மாதிரி இறங்கும் கோட்டை ஒட்டிய கட்டமெல்லாம் உலோகப்போலி என்று அவளுக்குச் சொன்னதே நான்தான். அதை நம்பி அலுமினியத்துக்கும் பச்சை அடித்துவிட்டாள். வகுப்பில் சிவப்பு மையில் சுழித்துக் கொடுத்தார்கள், காரணம் சொல்லவில்லை. அலுமினியத்துக்கு மேலேயும் வலப்பக்கமும் கோடு போகிறது, ஜெர்மானியத்துக்கும் அப்படியே போகிறது, ஆனால் அது உலோகப்போலி, இது உலோகம். எப்படி விளக்குவது? அப்புறம், ஹைட்ரஜன் அலோகம் என்றால் சோடியம் இருக்கும் தொகுதியில் ஏன் வைத்திருக்கிறார்கள்?

கடைசி பெஞ்ச்:
ஆறு பெயரை மனப்பாடம் செய்யச் சொல்லுங்கள் சார்: போரான், சிலிக்கான், ஜெர்மானியம், ஆர்சனிக், ஆன்டிமனி, டெல்லூரியம். பொலோனியம், அஸ்டட்டைன் இரண்டையும் புத்தகத்துக்குப் புத்தகம் வேறு மாதிரி போடுவார்கள், தேர்வுக்குப் பாடநூலில் உள்ளதை எழுதினால் போதும்.

வேதியியல் டீச்சர்:
மனப்பாடம் தேர்வுக்கு உதவும், ஆனால் கோடு ஏன் சாய்ந்து இறங்குகிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும் சார். ஒரு தொடரில் வலப்பக்கம் போகப் போகக் கருவில் புரோட்டான் கூடும், வெளிக்கூட்டு எலக்ட்ரான்களை அது இறுக்கிப் பிடிக்கும், உலோகத்தன்மை குறையும். ஒரு தொகுதியில் கீழே இறங்கினால் கூடுகள் கூடும், வெளி எலக்ட்ரான் கருவைவிட்டுத் தள்ளிப்போகும், பிடி தளரும், உலோகத்தன்மை ஏறும். ஒரு கட்டம் வலப்பக்கம் நகர்ந்து ஒரு கட்டம் கீழே இறங்கினால் இறுகியதும் தளர்ந்ததும் ஏறக்குறைய சரிக்குச் சரியாகிவிடும், அதனால்தான் இரண்டும்கெட்டான் தனிமங்கள் மூலைவாட்டில் வரிசை கட்டுகின்றன. 14ஆம் தொகுதியில் விரலை வைத்து இறங்கச் சொல்லுங்கள்: கார்பன் அலோகம், சிலிக்கானும் ஜெர்மானியமும் உலோகப்போலி, வெள்ளீயமும் காரீயமும் உலோகம்.

இப்போது அலுமினியம். முதல் எலக்ட்ரானைப் பிடுங்க ஒரு மோலுக்கு போரானுக்கு 801 கிலோஜூல் வேண்டும், சிலிக்கானுக்கு 787, ஜெர்மானியத்துக்கு 762. அலுமினியத்துக்கு 578தான். இந்த எண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள், தங்கத்துக்கே 890 இருக்கிறது. பொருளையும் பாருங்கள்: அலுமினியத்தைத் தகடாக அடிக்கலாம், கம்பியாக இழுக்கலாம், ஜெர்மானியத்தைத் தட்டினால் நொறுங்கும். அலுமினியத்தின் ஆக்சைடு அமிலத்தோடும் காரத்தோடும் வினைபுரியும், அந்த ஒரு குணம் எல்லையோரத்தைக் காட்டுகிறது. ஆனால் துத்தநாகத்தின் ஆக்சைடும் அப்படித்தான், அதை யாரும் உலோகப்போலி என்பதில்லை.

ஹைட்ரஜனுக்கு இருப்பது ஒரே எலக்ட்ரான், அதனால் முதல் தொகுதி. அதைப் பிடுங்க 1312 கிலோஜூல், சோடியத்துக்கு 496. இடம் அங்கே, குணம் வேறு.

மகளோடு படிக்கும் அப்பா:
ரொம்ப நன்றி டீச்சர். நேற்று ராத்திரி 9 வோல்ட் பேட்டரி, ரெசிஸ்டர், எல்இடி வைத்துச் சோதித்தோம். சப்பாத்தி சுற்றும் ஃபாயிலை நடுவில் வைத்தால் எரிந்தது. பென்சிலை இரண்டு பக்கமும் சீவி வைத்தாள், அதிலும் கொஞ்சம் மங்கலாக எரிந்தது! அப்போ கார்பனும் உலோகமா என்கிறாள்.

சாலிடரிங் கை:
அருமையான கேள்வி. பென்சிலில் இருப்பது களிமண் கலந்த கிராஃபைட். அதில் ஒவ்வொரு கார்பனும் பக்கத்தில் உள்ள மூன்று கார்பனோடு சேர்ந்து அடுக்கடுக்காக இருக்கும், மிச்சமிருக்கும் நாலாவது எலக்ட்ரான் அந்த அடுக்குக்குள் ஓடித் திரியும், மின்சாரம் போவது அதனால்தான். வைரத்தில் நாலும் பிணைந்துவிடும், கடத்தாது. கிராஃபைட்டைத் தகடாக அடிக்க முடியாது, உடைந்துவிடும். கார்பன் எரிந்து வரும் வாயுவைத் தண்ணீரில் கரைத்தால் அமிலம். எல்லாவற்றையும் சேர்த்துத்தான் அலோகம் என்கிறோம். சிலிக்கானிலோ, சூடேற்றினால் மின்தடை குறையும். உலோகத்தில் கூடும். எல்இடி எரிகிறதா என்று மட்டும் பார்த்தால் இந்த வித்தியாசம் தெரியாது.

மகளோடு படிக்கும் அப்பா:
புரிந்துவிட்டது, அவளுக்கும்தான். பச்சைக்கு மேல் மஞ்சள் அடித்தால் நிறம் ஏறவில்லை, அதனால் அலுமினியத்துக்கு மட்டும் மஞ்சள் காகிதம் வெட்டி ஒட்டியிருக்கிறாள், ஓரத்தில் 578 என்று எழுதி.