இரண்டு மாத லீவுக்குள் குழந்தைக்கான டெஸ்டும் ட்ரீட்மென்டும் முடியுமா?

பனச்சமூடு மருமகள்:

எல்லாருக்கும் வணக்கம். எனக்கு 32 வயது, கல்யாணமாகி நாலு வருஷம் ஆகிறது. அவர் குவைத்தில் வேலை பார்க்கிறார், வருஷத்துக்கு ஒரு தடவை இரண்டு மாத லீவு. இதுவரை குழந்தை ஒன்றும் தங்கவில்லை. போன தடவை அவர் வந்துபோன பிறகு வீட்டில் பேச்சே மாறிவிட்டது, கல்யாண வீட்டுக்குப் போனால் "விசேஷம் உண்டா" என்றுதான் முதலில் கேட்கிறார்கள், அதனாலேயே போவதைக் குறைத்துவிட்டேன். சித்திரையில் அவர் வருகிறார். அந்த இரண்டு மாதத்தில் டாக்டரைப் பார்த்து, டெஸ்ட் எல்லாம் எடுத்து, ட்ரீட்மென்டும் முடித்து நல்ல செய்தியோடு அவரை விமானம் ஏற்றிவிடலாம் என்று மாமியார் சொல்கிறார். நிஜமாகவே எவ்வளவு நாள் ஆகும்? எனக்கு பீரியட்ஸ் சில மாதம் 35 நாள், சில மாதம் 40 நாள்கூட தள்ளிப்போகும். மார்த்தாண்டத்திலேயே பார்ப்பதா, திருவனந்தபுரம் போவதா என்பதும் தெரியவில்லை.

பாறசாலை நர்ஸ்:

தங்கச்சி, நான் குழந்தையின்மை சிகிச்சைப் பிரிவில்தான் வேலை பார்க்கிறேன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். இரண்டு மாதத்தில் பெரும்பாலான டெஸ்டை முடிக்கலாம், ட்ரீட்மென்டைத் தொடங்கலாம். முடித்தே விடலாம் என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

முதலில் ஒரு ஆறுதல். நாலு வருஷம் என்று மனதைப் போட்டு உழற்ற வேண்டாம், நீங்கள் சேர்ந்து இருந்தது மொத்தமாக எட்டு மாதம் வருமா? 35 வயதுக்குள் இருப்பவர்கள் 12 மாதம் சேர்ந்து வாழ்ந்தும் தங்கவில்லை என்றால்தான் டாக்டர்கள் அதைப் பிரச்சினையாகக் கணக்கில் எடுப்பார்கள், 35 தாண்டினால் 6 மாதம். ஆனால் உங்களுக்கு பீரியட்ஸ் ஒழுங்காக வரவில்லை, அதனால் காத்திருக்காமல் இப்போதே போங்கள், அவர் வரும்வரை ஏன் நிற்க வேண்டும்.

நாள் எங்கே போகிறது என்றால், ஒவ்வொரு டெஸ்டுக்கும் பீரியட்ஸில் ஒரு நாள் இருக்கிறது. முட்டை வளர்ச்சியைத் தூண்டும் ஹார்மோன்களான எஃப்.எஸ்.ஹெச், எல்.ஹெச் எல்லாம் இரண்டாம் நாள் அல்லது மூன்றாம் நாள் ரத்தத்தில் பார்ப்பார்கள். முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.ஹெச், தைராய்டு என்றைக்கு வேண்டுமானாலும் எடுக்கலாம். கருக்குழாயில் (டியூப்) அடைப்பு பார்க்கும் ஹெச்.எஸ்.ஜி எக்ஸ்ரே, ரத்தப்போக்கு நின்ற பிறகு முட்டை வெளிவருவதற்கு முன்னால் உள்ள சில நாளில்தான் எடுப்பார்கள். அந்த வாரம் தவறினால் அடுத்த பீரியட்ஸ் வரை அப்படியே நிற்க வேண்டியதுதான். உங்களுக்கு 40 நாள் சுற்று என்றால் இரண்டு மாத லீவில் கிடைப்பது ஒன்றரை சுற்று, அவ்வளவே. முட்டை வெளிவந்ததா என்று பார்க்கும் புரோஜெஸ்டிரோன் டெஸ்டை 21ஆம் நாள் எடுக்கச் சொல்வது 28 நாள் சுற்று உள்ளவர்களுக்கான கணக்கு, உங்களுக்கு அந்த நாளில் எடுத்தால் பயனில்லை, அடுத்த பீரியட்ஸுக்கு ஒரு வாரம் முன்னால் எடுக்க வேண்டும், இதை டாக்டரிடம் நீங்களே எடுத்துச் சொல்லுங்கள்.

தைராய்டு கூடியிருந்தால் மாத்திரை தொடங்கி சுமார் ஆறு வாரம் கழித்து மறுபடி பார்ப்பார்கள். ருபெல்லா (ஜெர்மன் தட்டம்மை) தடுப்பூசி போட்டால் கர்ப்பமாவதை ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்வார்கள். இதெல்லாம் அவர் ஊருக்கு வருவதற்கு முன்பே முடிந்துவிட்டால் எவ்வளவு நாள் மிச்சம் என்று பாருங்கள். ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் இப்போதே தொடங்கலாம்.

ஷார்ஜா அண்ணன்:

பாறசாலை சகோதரி சொன்னது சரி, ஆண்கள் பக்கத்தை நான் சொல்கிறேன். தங்கச்சி, உங்கள் வீட்டுக்காரரை விந்து பரிசோதனையை அங்கேயே, இந்த மாதமே எடுக்கச் சொல்லுங்கள். 2 முதல் 7 நாள் இடைவெளி விட்டு எடுக்க வேண்டும், மற்றபடி எளிமையான டெஸ்ட். நம் ஊரில் பெண்ணை ஊர் ஊராக ஸ்கேனுக்கு அலைய விட்டு, கடைசியில்தான் ஆணைக் கூப்பிடுகிறார்கள். எனக்கு இதில் ரொம்ப வருத்தம் உண்டு, குறை ஆணிடமோ இருவரிடமோ இருக்கும் குடும்பங்கள் ஒன்றும் கொஞ்சம் இல்லை.

ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், விந்தணு உருவாகி முதிர இரண்டரை மாதத்துக்கு மேல் ஆகும். எண்ணிக்கை குறைவாக வந்தால் மூன்று மாதம் கழித்து இன்னொரு தடவை எடுக்கச் சொல்வார்கள், இடையில் கடுமையான காய்ச்சல் வந்திருந்தாலும் ரிசல்ட் இறங்கும். லீவில் வந்து முதல் டெஸ்ட் எடுத்தால் இரண்டாவது டெஸ்டுக்கு அவர் குவைத்தில் இருப்பார். 2021இல் உலக சுகாதார நிறுவனம் புதுப்பித்த கையேட்டில் மில்லி லிட்டருக்கு 16 மில்லியன் விந்தணு என்பது கீழ் அளவு. அதற்குக் கொஞ்சம் குறைந்தால் எல்லாம் போச்சு என்று அர்த்தமில்லை, பயப்பட வேண்டாம் என்று அவரிடம் சொல்லுங்கள்.

இன்னொன்று. லீவில் வரும்போது விந்தை உறைய வைத்துவிட்டுப் போகலாம், அவர் இல்லாத மாதத்திலும் ஐயூஐ (விந்தைக் கர்ப்பப்பைக்குள் செலுத்துவது), ஐவிஎஃப் (முட்டையை வெளியே எடுத்துக் கருவாக்கி வைப்பது) செய்ய அது உதவும். ஆனால் இருவரின் எழுத்துப்பூர்வ சம்மதம் வேண்டும், 2021ஆம் ஆண்டு ஏ.ஆர்.டி. (செயற்கைக் கருத்தரிப்பு) சட்டப்படி பதிவு பெற்ற இடமாகவும் இருக்க வேண்டும். கையெழுத்து, ரத்த டெஸ்ட், அடையாளச் சான்று எல்லாவற்றையும் லீவின் முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

குழித்துறை அக்கா:

மகளே, எனக்கு எல்லாம் சேர்த்து மூன்று வருஷத்துக்குப் பக்கத்தில் ஆனது, இப்போது மகள் எல்.கே.ஜி போகிறாள். பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை, கணக்கு தெரிந்தால் மனசு உடையாது. எனக்கும் உன்னைப் போலத்தான், பீரியட்ஸ் தள்ளித் தள்ளி வரும். முதலில் முட்டை வளர லெட்ரோசோல் மாத்திரை தந்து ஒன்று விட்டு ஒரு நாள் ஸ்கேன் பார்த்தார்கள். சில சுற்றில் முட்டை வளரவே இல்லை, ஒரு சுற்றில் நீர்க்கட்டி நின்றதால் அந்த மாதமே மருந்தில்லாமல் போனது. இந்த ஒன்றுமில்லாத மாதங்களை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, ஆனால் அவைதான் அதிகம். இந்த மாத்திரையை மூன்று முதல் ஆறு சுற்று வரை பார்ப்பார்கள், நிறையப் பேருக்கு அதிலேயே தங்கிவிடும். அப்புறம் ஐயூஐ, அதையும் மூன்று நாலு தடவைக்கு மேல் இழுக்காமல் அடுத்தது என்ன என்று கேட்டுவிடு.

ஐவிஎஃப் என்றால் ஊசி பத்துப் பன்னிரண்டு நாள், கடைசி ஊசி போட்டு சுமார் 36 மணி நேரம் கழித்து முட்டை எடுப்பு, மூன்று முதல் ஐந்து நாள் லேபில் கரு வளர்ப்பு. கேட்க ஒரு மாதம் போலத்தான் இருக்கும். எனக்கு கருவை உறைய வைத்துவிட்டார்கள், உடம்பு ஆறி, கர்ப்பப்பையைத் தயார் செய்து வைக்க மேலும் மாதங்கள் போனது. வைத்த பிறகு ரத்த டெஸ்ட் வரை உள்ள இரண்டு வாரம் மாதிரி நீளமான நாளை நான் பார்த்ததில்லை.

இடத்தைப் பற்றி: ஸ்கேன் மட்டும் மார்த்தாண்டத்தில் எடுத்து ரிப்போர்ட்டை திருவனந்தபுரம் டாக்டருக்குக் காட்டலாமா என்று முதல் நாளே கேள், பலர் சம்மதிப்பார்கள். காலை பாசஞ்சரில் ஒன்று விட்டு ஒரு நாள் போவது உடம்பை முறித்துவிடும். செலவு யோசனை இருந்தால் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. அரசு ஆஸ்பத்திரியிலும் இதற்கான பிரிவு உண்டு, எவ்வளவு காத்திருக்க வேண்டும் என்று நேரில் கேட்டுக்கொள்.

பனச்சமூடு மருமகள்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இதைப் படித்துவிட்டு இன்றைக்கே அவரிடம் பேசினேன், வெள்ளிக்கிழமை அங்கே டெஸ்ட் எடுக்கிறேன் என்று சொன்னார். எனக்கு அடுத்த வாரம் பீரியட்ஸ் வர வேண்டும், இரண்டாம் நாளே போகிறேன். ஹெச்.எஸ்.ஜி ரொம்ப வலிக்குமா? மாமியாரிடம் என்ன சொல்வது?

பாறசாலை நர்ஸ்:

மாதவிடாய் வலி கூடினது போல சில நிமிஷம் இருக்கும், சிலருக்குக் கொஞ்சம் அதிகம். முன்னால் வலி மாத்திரை உண்டா என்று டாக்டரிடம் கேளுங்கள், துணைக்கு ஒருவரைக் கூட்டிப்போங்கள். அந்தச் சுற்றில் எக்ஸ்ரே முடியும்வரை சேரக் கூடாது, அவர் ஊரில் இல்லாததால் உங்களுக்கு அந்தக் கவலையும் இல்லை. மாமியாரிடம் ஒரு வருஷம் ஆகலாம் என்று டாக்டர் சொன்னதாகவே சொல்லச் சொல்லுங்கள், அதுவும் உங்கள் வாயால் வேண்டாம், மகன் போனில் சொல்லட்டும்.