மறு: மிடி பிளேயருக்கு என்ன சொல் வைக்கலாம்?

வணக்கம் சார்,

> 'செயற்கை இசை இயக்கி' என்று போட்டுவிடலாமா?

மிடி பிளேயர் மென்பொருளின் தமிழ்ப் பெயருக்கு இந்த இரண்டு சொல்லுமே இடிக்கிறது. 'இயக்கி'யை, கணினிக் கருவிகளை ஓட்டும் டிரைவர் மென்பொருளுக்கு எப்போதோ கொடுத்தாயிற்று. 'செயற்கை' என்றால் நம்ம கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு கார்பைட் கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம்தான் ஞாபகம் வரும்.

மிடி கோப்புக்குள் சத்தமே கிடையாது. எந்தச் சுரம், எப்போது அழுத்துவது, எவ்வளவு அழுத்தமாக, எப்போது விடுவது, எந்த வாத்தியம் என்ற கட்டளைகள் மட்டும்தான். அதனால்தான் முழுப்பாட்டும் சில பத்து கேபியில் அடங்குகிறது. நோக்கியா ரிங்டோனுக்கு வந்த ஆர்.டி.டி.டி.எல். என்ற எழுத்து வடிவம் இன்னும் சிக்கனம்: பெயர், முக்காற்புள்ளி, கால அளவு, ஸ்தாயி, வேகம், மறுபடி முக்காற்புள்ளி, அப்புறம் சுரங்கள். மொத்தமும் ஒரே வரி! சத்தத்தை உண்டாக்குவது மென்பொருளின் பாடு.

இதற்கு வினைச்சொல் நம்மிடம் தயாராகவே இருக்கிறது. தர்மபுரி பஸ் ஸ்டாண்டு செல்போன் கடையில் எம்பி3 என்றால் "அந்தப் பாட்டைப் போடுங்கண்ணா" என்போம். கல்யாணத்தில் நாதஸ்வரக்காரரிடம் யாரும் "போடுங்க" என்பதில்லை. "வாசிங்க" என்றுதான் கேட்கிறோம். குறிப்பைப் படிப்பதும் வாசிப்பு, கருவியை இசைப்பதும் வாசிப்பு. மிடியை ஒலிக்கவைக்கும் மென்பொருள்களான டிமிடிட்டியும் ஃபுளூயிட்சிந்தும் செய்வது இந்த இரண்டையும்தான். ஆகவே 'இசைவாசிப்பான்'.

> திரைவாசிப்பானோடு குழம்பாதா?

அது திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள். முன்னால் 'இசை' நிற்கும்போது குழம்பாது. 'சுரவாசிப்பான்' மட்டும் வேண்டாம், தெர்மாமீட்டர் என்று நினைத்துக்கொள்வார்கள். ரிங்டோன் ரிங்டோனாகவே இருக்கட்டும்.

வாத்தியங்களின் ஒலிகளைத் தொகுத்து வைத்த கோப்பான சவுண்ட்ஃபாண்ட்டுக்கு 'ஒலியுரு' சொல்கிறேன். எழுத்துருவை மாற்றினால் வாக்கியம் மாறாது, தோற்றம் மாறும். இங்கேயும் மெட்டு அதேதான், வாத்தியத்தின் குரல்தான் வேறு. இந்தச் சொல் நமக்குக் கட்டாயம் வேண்டும், ஏனென்றால் 1991இல் வந்த ஜெனரல் மிடி என்ற பொதுத் தரத்தின் 128 வாத்தியங்களில் சிதார் உண்டு, ஷெனாய் உண்டு, நாதஸ்வரம் இல்லை. தாளத்துக்கென்று ஒதுக்கிய 10ஆம் சேனலில் போங்கோ, காங்கா எல்லாம் இருக்கின்றன. தவிலும் பம்பையும் கிடையாது. மாரியம்மன் பண்டிகைக்கு நம்ம பக்கம் அடிக்கிற பம்பையை மிடியில் எழுதினால் போங்கோவாகத்தான் கேட்கும். பம்பையைத் தட்டுத்தட்டாகப் பதிவு செய்து, எஸ்.எஃப்.2 என்ற சவுண்ட்ஃபாண்ட் கோப்பாகக் கட்டினால்தான் விடிவு. பாலக்கோடு, பென்னாகரம் பக்கம் பம்பைக்காரர்களைத் தெரிந்தவர்கள் தனி இழை தொடங்குங்கள்.

மெனுவில் 'இயக்கு' என்று இருப்பதை 'வாசி' என்றும், 'சவுண்ட்ஃபாண்ட் தேர்வு' என்பதை 'ஒலியுரு தேர்வு' என்றும் மாற்றி வைத்திருக்கிறேன். 'வாசி' பொத்தானைப் பார்த்து உதவிக் கோப்பு திறக்கும் என்று யாராவது நினைப்பார்களா என்பது ஒன்றுதான் எனக்குச் சந்தேகம். பக்கத்தில் முக்கோணப் படம் இருப்பதால் நினைக்கமாட்டார்கள் என்று படுகிறது. ஆட்சேபம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், அதற்கப்புறம் ஏற்றிவிடுவேன்.