அபியூஸ் என்றால் துஷ்பிரயோகமா?

நெடுங்கேணி ரீச்சர்:
போன கிழமை பெற்றோர் கூட்டத்தில் சிறுவர் துஷ்பிரயோகம் பற்றிக் கதைத்தேன், இலங்கையின் சிறுவர் உதவித் தொலைபேசி இலக்கமான 1929ஐயும் பலகையில் எழுதிப் போட்டேன். எல்லாரும் போனபிறகு ஒரு அம்மா நின்று மெதுவாகக் கேட்டா, "ரீச்சர், அந்தச் சொல்லுக்கு என்ன கருத்து?" அரை மணித்தியாலம் கதைத்தது அவவுக்குப் போய்ச் சேரவே இல்லை. யோசித்தால் சொல்லே பிழை போலத் தெரிகிறது. அபியூஸ் (abuse) என்ற ஆங்கிலச் சொல் லத்தீனில் இருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. முன்னால் நிற்கும் 'அப்' விலகுவதைக் குறிக்கும், மிச்சம் பாவிப்பது. அதாவது முறை விலகிப் பாவிப்பது. அதைத்தான் துஷ்பிரயோகம் என்று போட்டிருக்கிறார்கள். காசை, அதிகாரத்தை அப்படிச் சொல்லலாம். பிள்ளை என்ன பாவிக்கிற சாமானா? கெட்ட பிரயோகம் இருந்தால் நல்ல பிரயோகமும் இருக்கவேண்டுமே!

மல்லாவிப் பொடியன்:
குறை நினைக்க வேண்டாம் ரீச்சர், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த லத்தீன் சொல்லுக்குப் பாவித்தே தீர்த்துவிடுவது என்றும் கருத்து உண்டு. ரோமச் சட்ட வழியில் வந்தவர்கள் உடைமைக்காரனுக்கு மூன்று உரிமை சொல்வார்கள்: பாவிப்பது, பலன் எடுப்பது, மூன்றாவது அபூசஸ், விற்கவோ அழிக்கவோ செய்வது. விதைநெல்லையும் குத்தித் தின்கிற மாதிரி. பிள்ளைக்கு நடப்பதும் அதுதானே, வரப்போகிற போகத்தையே தின்றுவிடுகிறார்கள்.

நெடுங்கேணி ரீச்சர்:
தம்பி, விதைநெல் என்றது நெஞ்சில் தைக்கிறது. ஆனால் அது லத்தீனில் கிடக்கிறது, துஷ்பிரயோகம் என்று வாசிக்கிற ஆளுக்கு எங்கே தெரியப்போகிறது?

குளக்கட்டு:
ரீச்சர், பிரயோகம் என்றால் எங்கள் காதுக்குச் சாமான் பாவிப்பது இல்லை. துப்பாக்கிப் பிரயோகம், கண்ணீர்ப்புகைப் பிரயோகம் என்று செய்தியில் கேட்டே வளர்ந்த சனம் நாங்கள், அது ஒருவர் மேல் ஏவிவிடுவது. அதனால் பிள்ளை விடயத்தில் அந்தச் சொல் பொருந்தும். பிசகுவது வேறு இடத்தில். ஆங்கிலத்தில் 16ஆம் நூற்றாண்டிலேயே ஏச்சுக்கும் அபியூஸ் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். அதற்காக 'வாய்மொழித் துஷ்பிரயோகம்' என்று துண்டுப்பிரசுரம் அடித்தால் வன்னியில் யாருக்கு விளங்கும்? தூஷணத்தால் ஏசினான் என்று சொல்லுங்கள், சின்னப்பிள்ளைக்கும் விளங்கும்.

மல்லாவிப் பொடியன்:
விளங்குவது சரி அண்ணை, பொலிஸில் எதைச் சொல்வது? 1995இல் தண்டனைச் சட்டக் கோவையைத் திருத்தியபோது பாரதூரமான பாலியல் துஷ்பிரயோகம் தனிக் குற்றமாக வந்தது. அந்தச் சொல்லைத் தெரியாத அம்மா முறைப்பாடு எழுதுகிறவர் போடுகிற சொல்லுக்குக் கையெழுத்து வைத்துவிட்டு வருவா. அதனால் சொல்லை மாற்றாதீர்கள், படிப்பியுங்கள்.

நெடுங்கேணி ரீச்சர்:
சரி, அது நியாயம். அடுத்த கூட்டத்தில் அடிப்பது, பட்டினி போடுவது, தொடக்கூடாத இடத்தில் தொடுவது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, இதற்கெல்லாம் சட்டத்தில் இருக்கிற பெயர் இது என்று கடைசியில் சொல்கிறேன். ஆனாலும் பிள்ளைக்குப் பக்கத்தில் பிரயோகம் என்று எழுத எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

குளக்கட்டு:
ரீச்சர், எல்லாரும் போகும்வரை நின்றுதானே அந்த அம்மா கேட்டா. ஏன் கேட்டா என்று விசாரித்தீர்களா?

நெடுங்கேணி ரீச்சர்:
இல்லை. நாளைக்குக் காலையிலேயே அவவின் வீட்டுக்குப் போகிறேன்.