கெர் அடுப்பில் புகை உள்ளே திரும்புகிறது, உதவுங்கள்

இடம்: மங்கோலியா, தெர்கியின் சகான் ஏரியின் வடகரை, சுமார் 2,060 மீட்டர் உயரம். செப்டம்பர் கடைசி வாரம். மேய்ச்சல் குடும்பம் ஒன்றின் கெர் (கம்பளம் போர்த்திய வட்டக் கூடாரம்), ஐந்து சுவர்ச்சட்டம், தெற்கு வாசல்.

தகர அடுப்பு, 12 செ.மீ. விட்டமுள்ள புகைக்குழாய் கூடார உச்சி வளையம் வழியாக வெளியே 40 செ.மீ. மட்டும் நீட்டியிருக்கிறது. மூன்று இரவுகளாக, நள்ளிரவுக்குப் பின் தணல் அடங்கும்போது மேற்குக் காற்று அடித்தால் புகை அடுப்பு வாய் வழியே திரும்புகிறது. பகலில், தீ கொழுந்துவிட்டு எரியும்போது, எதுவும் இல்லை. கார்பன் மோனாக்சைடு (மணமில்லாத நச்சு வாயு) அளக்கும் கருவி நேற்று 45 பிபிஎம் (பத்து லட்சத்தில் 45 பங்கு) காட்டியது; உள்ளே இரண்டு குழந்தைகள் தூங்குகிறார்கள், அதுதான் பயம்.

குழாயைக் கழற்றிக் கரி தட்டியாயிற்று. மூட்டுகளைக் களிமண்ணால் அடைத்தோம். ஈர வறட்டியை ஒதுக்கி, காய்ந்த லார்ச் விறகு மட்டும் வைத்தோம். மேல் கம்பள மடிப்பைக் காற்று வரும் பக்கம் இழுத்துக் கட்டியதில் சற்றுக் குறைந்தது, நிற்கவில்லை. இப்போதைக்கு இரவில் அடுப்பை முழுக்க அணைத்துவிடுகிறோம், ஆனால் வெளியே உறைபனி.

தாரியாத் ஊரில் ஒரு மீட்டர் குழாய்த் துண்டு கிடைக்கும். அதைச் சேர்த்து உயர்த்தினாலே போதுமா, அல்லது உச்சியில் காற்றுத் தடுப்புத் தொப்பியும் கட்டாயம் வேண்டுமா?